காட்டுப் பெட்டூனியா: பூக்காமல் போவது முதல் அடங்காமல் பரவுவது வரை

தோட்டக்காரர்கள் காட்டுப் பெட்டூனியா என்று அழைக்கும் ருயெல்லியாச் செடிகளைப் பற்றி எழும் கேள்விகள் ஒரு சில அறிகுறிகளையே திரும்பத் திரும்பச் சுற்றிவருகின்றன. செடி பூக்கவில்லை, பூத்தாலும் நிற்கவில்லை, இலை மஞ்சளாகிறது, இலையில் ஓட்டை விழுகிறது, அடுத்த தொட்டியிலெல்லாம் அதுவே முளைக்கிறது என்று கேட்பவர்களுடைய செடிகளைப் பார்த்தால், நோய் என்று சொல்லத்தக்கது அவற்றில் குறைவாகவே இருக்கும். மற்றவை அந்தச் செடியின் இயல்பு, அல்லது அது இருக்கும் இடத்தின் குறை. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, வல்லுநரை அழைக்க வேண்டிய கட்டம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பேரினத்தில் ஒரு வகைக்கு ஏற்ற பராமரிப்பு இன்னொரு வகையை வேரோடு அழுகவைத்துவிடும்.

முதலில்: கையில் இருப்பது எந்தச் செடி?

இது ருயெல்லியாவா என்று சந்தேகம் இருந்தால்:

பூவைப் பார்த்து முடிவு செய்யாமல், இலை அமைந்திருக்கும் விதத்தையும் காயையும் பாருங்கள். உண்மையான பெட்டூனியா கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையும் தண்டும் தொட்டால் பிசுபிசுப்பாக ஒட்டும், அடிப்பகுதி இலைகள் மாற்றிமாற்றி அமைந்திருக்கும், விதை தூள் போல நுண்ணியது. ருயெல்லியாவோ ஆடாதோடையும் கனகாம்பரமும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அடி முதல் நுனி வரை இலைகள் எதிரெதிர் இணைகளாகவே இருக்கும். விதை தட்டையாக, தனித்தனியே விரலால் எடுக்கக்கூடிய அளவில் இருக்கும்.

அதே குடும்பத்தின் டிசம்பர் பூச்செடியோடும் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டிசம்பர் பூவின் அடியில் இருக்கும் புல்லி இதழ்களில் இரண்டு மட்டும் அகன்று, ஓரத்தில் முள் போன்ற பற்களுடன் இருக்கும். ருயெல்லியாவில் ஐந்து புல்லிகளும் ஒடுங்கி, ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். காயை உடைத்தும் உறுதி செய்யலாம்: டிசம்பர் பூவின் காயில் நான்கு விதைக்கு மேல் இராது, பட்டாசுக்காய் எனப்படும் ருயெல்லியா டியூபரோசாவின் காயிலோ இருபதை ஒட்டி விதைகள் இரு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு விதைக்கும் அடியில் அதை வெளியே உந்தித் தள்ளும் சிறிய கொக்கி ஒன்று இருக்கும்.

ருயெல்லியாதான், ஆனால் எந்த வகை என்று தெரியாவிட்டால்:

இலை முட்டை வடிவில், காம்பை நோக்கிக் குறுகி, ஓரம் சற்றே அலையலையாக இருந்து, மண்ணைத் தோண்டினால் வேர்கள் நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்த கிழங்குகளாகத் தெரிந்தால், அது ருயெல்லியா டியூபரோசா. பட்டாசுக்காய் என்றும் வெடிக்காய் என்றும் குழந்தைகள் தண்ணீரில் போட்டு விளையாடுவது இதன் காய்தான். முற்றி அரக்கு நிறமான காயை நனைத்தால் சில நொடிகளில் படாரென்று இரண்டாகப் பிளக்கும். இதைவிட எளிய அடையாளச் சோதனை வேறு இல்லை.

இலை நீண்டு, ஒடுங்கி, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் போகாமல், தண்டில் கருஞ்சிவப்புச் சாயல் ஏறியிருந்தால் அது ருயெல்லியா சிம்ப்ளெக்ஸ், அதாவது மெக்சிகன் பெட்டூனியா. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளரும். ‘கேட்டி’ போன்ற குட்டை வகைகள் முழங்காலுக்கும் கீழே நின்றுவிடும். நாற்றுப்பண்ணைச் சீட்டுகளில் இதே செடிக்குப் பிரிட்டோனியானா, ட்வீடியானா, கோருலியா என்ற பெயர்கள் இன்னமும் காணப்படுகின்றன. 1870-இல் இடப்பட்ட சிம்ப்ளெக்ஸ் என்ற பெயரே இவற்றுள் முந்தையது என்று 2007-இல் தெளிவுபடுத்தப்பட்டுவிட்டது. பெயர் வேறாக இருக்கிறதே என்பதற்காக ஒரே செடியை இரண்டு முறை விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

சிவப்புப் பூ பூத்தால் பிரேசிலைச் சேர்ந்த ருயெல்லியா எலிகன்ஸாக இருக்கலாம். வெல்வெட் போன்ற கரும்பச்சை இலையில் நரம்புகள் மட்டும் வெளுத்திருந்தால் அது மக்கோயானா அல்லது டெவோசியானா; இவை இரண்டும் காட்டின் நிழலில் வளர்பவை, ஆகவே கீழே ‘நல்ல வெயில்’ என்று வரும் இடமெல்லாம் இவற்றுக்குப் பொருந்தாது.

வல்லுநர் தேவைப்படும் கட்டம்: பூவும் காயும் இருந்தும் மேற்சொன்ன எதற்குள்ளும் அடங்கவில்லை, அதுவும் செடி தோட்டத்தில் அல்லாமல் வெளியில் தானாக வளர்ந்தது என்றால், பூ, காய், இலைகள் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, உலர்தாவரத் தொகுப்பு வைத்திருக்கும் தாவரவியல் துறையிடம் காட்டுவது நல்லது. மருந்துக்காகச் செடியைப் பறிக்க நினைப்பவர்கள் கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பி எதையும் உட்கொள்ளக் கூடாது.

அறிகுறி: காலையில் பூத்தது, மதியத்துக்குள் உதிர்ந்துவிடுகிறது

இது பிழையே அல்ல. டியூபரோசா, சிம்ப்ளெக்ஸ் இரண்டிலும் ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். வெயில் கடுமையாக இருந்தால் உச்சிப்பொழுதுக்கு முன்பே புனல் போன்ற இதழ்க்குழாய் முழுதாகக் கழன்று விழும். கீழே கிடக்கும் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ் வாடாமல் முழுசாகக் கழன்றிருந்தால், செடியில் அதன் புல்லி பச்சையாக நின்று, நடுவில் மெல்லிய சூல்தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். மறுநாள் காலையில் புதிய பூக்கள் வராவிட்டால் மட்டும் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். விரியாத மொட்டே காம்போடு உதிர்ந்தால் அது வேறு சிக்கல். தண்ணீர் திடீரென்று குறைந்ததா என்று பார்த்துவிட்டு, மொட்டைப் பிரித்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: செடி தழைத்திருக்கிறது, பூ இல்லை

இலைகளுக்கு இடையே தண்டு நீண்டிருந்தால்:

வெளிச்சம் போதவில்லை. நேரடி வெயில் அரை நாளாவது விழும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோகாமல், காலை வெயிலிலிருந்து படிப்படியாகப் பழக்குங்கள். அடுத்த சில வாரங்களில் தோன்றும் புதிய தளிர்களைத்தான் பார்க்க வேண்டும். பழைய தண்டு பழையபடியேதான் இருக்கும்.

இலை பெரிதாக, கரும்பச்சையாக, மென்மையாக இருந்தால்:

தழைச்சத்து மிகுந்துவிட்டது. உரத்தை நிறுத்துவதே மருந்து. இவை ஏழை மண்ணில் பூத்துப் பழகிய செடிகள். ரோஜாவுக்குக் கொடுப்பதைப் போல மாதந்தோறும் இவற்றுக்கும் உரம் கொடுப்பவர்களே இந்தக் குறையை அதிகம் சொல்கிறார்கள்.

அடிக்கடி வெட்டி ஒழுங்குபடுத்துவதாக இருந்தால்:

பூக்கள் புதிய தளிரின் இலைக்கக்கங்களிலிருந்தும் (இலை தண்டோடு சேரும் மூலைகளிலிருந்தும்) நுனியிலிருந்தும் வருகின்றன. வேலி போல வாரந்தோறும் நுனியை நறுக்கினால் மொட்டுகள் குப்பைக்குத்தான் போகும். ஆழமாக ஒருமுறை கவாத்து செய்துவிட்டு, பிறகு கத்தரியை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

பூவைக் கண்டதே இல்லை, ஆனால் காய் மட்டும் வருகிறது என்றால்:

இந்த அறிகுறி பலரையும் திகைக்கவைக்கிறது. ருயெல்லியாவின் பல வகைகள் இரண்டு விதமான பூக்களைத் தருகின்றன. ஒன்று நாம் அறிந்த ஊதாப் பூ. மற்றொன்று மொட்டு நிலையிலேயே மூடியபடி இருந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, திறக்காமலே காயாகும் மூடிய பூ. ஒளி குறைவு, குளிர், நீர்ப் பற்றாக்குறை ஆகிய சூழல்களில் டியூபரோசா போன்றவை இரண்டாம் விதத்துக்கு மாறிவிடும். சோதிப்பது எளிது. இலைக்கக்கத்தில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, நிறமற்ற ஒடுங்கிய மொட்டுகளைத் தேடுங்கள். ஒன்றை ஊசியால் பிளந்தால் வளர்ச்சி குன்றிய குட்டை இதழ்க்குழாயும் அதற்குள் சூல்தண்டை ஒட்டியபடி மகரந்தப் பைகளும் தெரியும். அடுத்த மொட்டில் அந்த இதழ்க்குழாயே காய்ந்த தொப்பி போல, நீளத் தொடங்கிவிட்ட இளங்காயின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொப்பியைக் கண்டுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. செடிக்கு நோயில்லை, வெளிச்சத்தையும் சீரான ஈரத்தையும் கொடுங்கள், வெப்பப் பருவம் வரும்வரை பொறுத்திருங்கள். பூக்கத் தூண்டும் மருந்து என்று விற்கப்படும் எதற்கும் இந்த இடத்தில் வேலை இல்லை.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதே இங்கே முக்கியம்.

அடி இலைகள் முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால்:

முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல்மண் உலரும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். நீர்த்தேக்கத்தைச் சிம்ப்ளெக்ஸ் நன்றாகவே தாங்கும், குளக்கரையிலும் வளரும். கிழங்குள்ள டியூபரோசா நெடுங்காலம் தேங்கும் நீரைத் தாங்காது. வகையை முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மண்ணின் ஈரம் சரியாக இருந்து, செடி நெடுநாளாக அதே தொட்டியில் இருந்தால், தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நன்கு மட்கிய உரம் ஒரு கைப்பிடி போதும்.

நுனி இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால்:

இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லாததைவிட, மண்ணின் காரத்தன்மை அதைச் செடிக்குக் கிடைக்காமல் செய்வதே பெரும்பாலும் காரணம். சுண்ணாம்புச் சுவரை ஒட்டி நட்ட செடிகளிலும், கடின நீர் ஊற்றும் தொட்டிகளிலும் இதைப் பார்க்கலாம். மழைநீர் கிடைத்தால் அதை ஊற்றிப் பாருங்கள். பிறகு தொட்டி மண்ணைப் புதுப்பியுங்கள். அதற்குப் பின்னரே கொடுக்கிணைப்பு இரும்பு உரத்தை, அதாவது இரும்பைச் செடி உறிஞ்சக்கூடிய வடிவில் வைத்திருக்கும் உரத்தை, வாங்கலாம்.

நரம்பு மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாக இருந்தாலோ, திட்டுத்திட்டாக மொசைக் போலத் தெரிந்தாலோ:

மேலே சொன்னதற்கு நேர்மாறான இந்தத் தோற்றம் வைரஸ் நோயைச் சுட்டுகிறது. இலையின் அடியில் வெள்ளை ஈ இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு அகற்றுங்கள், அதிலிருந்து தண்டு வெட்டி நடாதீர்கள். அருகில் காய்கறிச் செடிகளிலும் அதே தோற்றம் இருந்தால் தாவர நோய்ப் பரிசோதனைக் கூடத்துக்கு இலை மாதிரி அனுப்புங்கள்.

அறிகுறி: செடி வாடுகிறது

மண் உலர்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் மாலையில் நிமிராமல் வாடியே இருந்தால், செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேரில் வீக்கம் தெரிகிறதே என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டியூபரோசாவின் கிழங்குகள் வழவழப்பாக, நீள்வாக்கில் சீராகப் பருத்து, மீண்டும் சீராக ஒடுங்கும். வெட்டினால் உள்ளே வெண்மையாக, உறுதியாக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவின் வீக்கமோ ஒழுங்கற்றது. மெல்லிய பக்க வேர்களில்கூடச் சிறுசிறு முண்டுகள் தொடர்ச்சியாகத் தெரியும். முதலாவது செடியின் உணவுக் களஞ்சியம், அதைப் பிடுங்கிவிடாதீர்கள். இரண்டாவதாக இருந்தால் மண்ணோடு அகற்றிவிட்டு, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். நிலத்தில் நட்ட பல செடிகளில் முடிச்சு கண்டால் மண்ணையும் வேரையும் நூற்புழுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டே அடுத்த நடவைப் பற்றி யோசியுங்கள். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் உரிந்து வந்து, நாற்றமும் இருந்தால் அது வேரழுகல். அழுகாத தண்டு நுனிகளை வெட்டி நட்டுச் செடியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கணு உள்ள தண்டுகள் ஈர மணலில் எளிதாக வேர்விடும், சிம்ப்ளெக்ஸ் வெறும் தண்ணீரில்கூட வேர்விடும்.

வறட்சியில் மேற்பகுதி முழுவதும் காய்ந்துபோன டியூபரோசாவைத் தூக்கி எறிய வேண்டாம். கிழங்கு உறுதியாக இருந்தால் முதல் நல்ல மழைக்குத் துளிர்த்துவிடும். சிம்ப்ளெக்ஸும் கடுங்குளிரில் தரையோடு கருகி, வெப்பம் திரும்பியதும் அடியிலிருந்து கிளம்பும்.

அறிகுறி: இலையில் ஓட்டை, கடித்த தடம், வெண்மை

பெரிய ஓட்டைகளும், அடியில் கிளைத்த முட்களுடன் கரிய புழுக்களும் இருந்தால்:

அவை பெரும்பாலும் ஜுனோனியா, ஹைப்போலிம்னஸ் பேரினத்து வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். இந்தப் பேரினங்களின் சில இனங்களுக்கு ருயெல்லியா உணவுச் செடி. வலுவான செடி இலைகளை இழந்தாலும் மீண்டும் தழைக்கும். மருந்தடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இளஞ்செடியாக இருந்தால் புழுவை ஒரு குச்சியில் ஏற்றி வளர்ந்த செடிக்கு மாற்றிவிடுங்கள்.

வெண்மை தெரிந்தால்:

ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். மாவு போலத் துடைத்தெடுக்க வந்தால் சாம்பல் நோய். நெரிசலைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், பாதித்த இலைகளை நீக்குங்கள். பஞ்சு போலக் கணுக்களில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. துடைத்தெடுத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். துடைத்தும் போகாமல், உலர்ந்த இலையின் மேற்பரப்பில் குட்டையான மெல்லிய வெண்கோடுகளாகத் தெரிபவை இலைத் திசுவுக்குள் இருக்கும் சுண்ணாம்புப் படிவங்கள். இந்தக் குடும்பத்தின் பல செடிகளில் அவை இயல்பானவை. அடையாளம் காணவும் உதவும்.

இலை மங்கிப் புள்ளிபுள்ளியாக வெளுத்தால்:

ஒரு வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். இலையின் அடிப்பக்கம் படும்படி சில நாள்கள் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறிகுறி: விதை கிடைக்கவில்லை, கிடைத்தும் முளைக்கவில்லை

காய் பழுப்பேறத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள்; முற்றிய பின் போனால் வெற்றுத் தோடுதான் இருக்கும். விதையின் ஓரத்தில் உள்ள மயிர்கள் நனைந்ததும் வழவழப்பான கூழாகி விரலில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஈரக் கையால் விதைக்காதீர்கள். விதையை மண்ணுக்குள் புதைப்பதே முளைக்காமல் போவதற்கு முதல் காரணம். ஈரமான மண்ணின் மேல் வெளிச்சம் படும்படி தூவி, லேசாக அழுத்தினால் போதும். ‘பர்ப்பிள் ஷவர்ஸ்’ போன்ற மலட்டு வகையாக இருந்தால் விதைக்குக் காத்திருப்பது வீண். தண்டு வெட்டி நடுங்கள்.

அறிகுறி: அடக்க முடியாமல் பரவுகிறது

இந்தக் கேள்வியை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கருதுகிறேன். வெப்பமண்டல அமெரிக்காவுக்கு வெளியே பல இடங்களில் டியூபரோசாவும் சிம்ப்ளெக்ஸும் தோட்டத்திலிருந்து தப்பித் தானாகப் பரவியவை. அமெரிக்காவின் புளோரிடாவில் சிம்ப்ளெக்ஸ் ஆக்கிரமிப்புச் செடியாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

தாய்ச்செடியிலிருந்து விலகி, தனித்தனி நாற்றுகளாக முளைத்தால்:

வெடித்த விதைகளின் வேலை இது. ருயெல்லியா சிலியாட்டிஃப்ளோரா என்ற வகையின் விதைகள் சுழன்றபடி 7 மீட்டருக்கும் மேல் போவதை 2018-இல் வெளிவந்த ஆய்வு அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்தது. எனவே தொட்டியைச் சுற்றி மட்டும் தேடினால் போதாது. இரண்டு இணை இலை விட்ட நிலையில் நாற்றுகள் மழைக்குப் பின் எளிதாகப் பிடுங்க வரும். கிழங்கு வைத்துவிட்டால் தண்டுதான் கையோடு வரும். காய் பச்சையாக இருக்கும்போதே நறுக்கிவிடுங்கள். மூடிய பூக்களும் காய்க்கும் என்பதால், ‘பூவைக் கிள்ளிவிட்டேன், இனி விதை வராது’ என்று இருந்துவிட முடியாது.

தாய்ச்செடியை ஒட்டி அடர்த்தியாகக் கிளம்பினால்:

சிம்ப்ளெக்ஸின் மட்டநிலத் தண்டு மண்ணுக்குள் ஓடுகிறது. ஒரு முனையிலிருந்து மண்ணைத் தளர்த்தி, அறுபடாமல் தொடர்ந்து உருவுங்கள். விட்டுப்போன துண்டு மீண்டும் முளைக்கும். எடுத்தவற்றை உரக்குழியில் போடாமல், பையில் கட்டி நன்றாகக் காய்ந்த பிறகே அப்புறப்படுத்துங்கள். வெட்டிய தண்டுகளை வாய்க்காலில் எறிவதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது, ஏனென்றால் ஈரக் கரையில் அவை அங்கேயே வேர்விடும். அடுத்து வரும் பருவங்களிலும் அதே இடத்தைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

தோண்டியும் திரும்பத் திரும்ப வந்தால்:

வேர்வரை ஊடுருவும் களைக்கொல்லியை, செடி துடிப்பாக வளரும் பருவத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்த வேண்டியிருக்கும். பரந்த நிலத்தில் இதை உரிமம் பெற்றவரிடம் ஒப்படைப்பது பாதுகாப்பானது.

ஏரி, ஓடை, சதுப்பு நிலம், காட்டு ஓரம் ஆகியவற்றில் செடி நுழைந்துவிட்டிருந்தால் தோட்டக்காரர் தாமாக எந்த மருந்தையும் தெளிக்கக் கூடாது. நீரில் பயன்படுத்த அனுமதிக்கப்படாத களைக்கொல்லி மீனையும் தவளையையும் பாதிக்கக்கூடும். அதோடு, அந்த இடத்தில் இயற்கையாக வளரும் ருயெல்லியா வகை ஒன்று அதே புதரில் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ருயெல்லியா பட்டுலா இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தொன்றுதொட்டே இருப்பது. பூ மங்கலாக, சிறியதாக இருந்தாலும் இலையமைப்பில் டியூபரோசாவை ஒத்திருக்கும். வனத்துறையிடமோ நீர்நிலையைப் பராமரிக்கும் அமைப்பிடமோ படங்களுடனும் இருப்பிடக் குறிப்புடனும் தெரிவித்து, எது எந்தச் செடி என்று தாவரவியலாளர் ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகே அகற்றத் தொடங்க வேண்டும்.